தாதி கேட்கும் முதற் கேள்வி

அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்படும் பிள்ளைகளுள் சிலருக்கு அவ்விடம் புதியதன்று. தலசீமியா நோயுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் போதிய அளவு நல்ல செங்குருதியை ஆக்குவதில்லை. ஆகவே, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியே அது வளர்கிறது. நம் நாட்டில் குருநாகலில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சை நிலையம் உண்டு.

இத்தகைய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அநுபவமுள்ள தாதி முதலில் தாயை வினவுவார்: "மண்ணீரலை எடுத்துவிட்டார்களா, அம்மா?" இரத்தத்திற் புகும் கிருமிகளை வடித்து அழிக்கும் உறுப்பு மண்ணீரல். அதனை இழந்த பிள்ளை காலையில் விளையாடியிருந்தாலும் மாலையில் உயிருக்குப் போராட நேரலாம். எனவே அப்பிள்ளையை வரிசையில் இருத்திவைத்தலாகாது. வைத்தியரை உடனே அழைத்து, கிருமிகொல்லி மருந்து தாமதமின்றி ஏற்றப்பட வழிசெய்தல் வேண்டும். உடலில் மிகும் இரும்பை அகற்றுவதற்கு ஊசிமூலம் கொடுக்கும் மருந்தையும் வைத்தியர் அப்போது நிறுத்திவைப்பர். சில கிருமிகள் அம்மருந்தின் துணைகொண்டே பெருகுவன!

பன்முறை ஊசியேறிய கையில் நாளம் எளிதில் அகப்படாது. எங்கே குத்தலாமென்பதைப் பிள்ளையே காட்டும். அதனைக் கேளாது குத்திப் பார்க்கும் அவசரம் எனக்கு உடன்பாடன்று.

பிள்ளை வெளிறியிருப்பது கண்டு புதியவர் பதறுவார். தாயோ, "இரத்தம் ஏற்றுகிற நாள் நெருங்கினால் இவன் இப்படித்தான், ஆனால் இன்றைக்கு எழுப்பினாலும் கண் திறக்கிறானில்லை" என்பாள். தாதி உடனே குறித்துக்கொள்வது அந்தப் பிற்பகுதியையே.