காளான் சிவக்க கலர் பொடி எதற்கு?

குட்டீஸ், கோவையில் சாயங்காலமானால் தள்ளுவண்டிக் காளான் வாசனை இழுக்குமே! தட்டில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது வேறு கதை. அந்த அடர் சிவப்பு, சில கடைகளில் கலர் பொடியால் வருவது. ரோடமைன்-பி என்ற சாயம் கலந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சு மிட்டாய்க்கே தடை வந்தது. அடுத்த மாதம் கர்நாடகம், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக்கூடாது என்றது.

சாஸை வீட்டிலேயே செய்யலாம். அடுப்படியில் பெரியவர்கள் கூட இருக்கட்டும். விதை நீக்கிய 8 காஷ்மீரி மிளகாய், 2 தக்காளி, 6 பல் பூண்டு மூன்றையும் வேகவைத்து, ஆறியபின் அரையுங்கள். (மிளகாய் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்!) கொஞ்சம் எண்ணெயில் விழுதை வதக்கி, உப்பு, சர்க்கரை, ஒரு ஸ்பூன் வினிகர், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள்.

இனி கெட்டியாக்க வேண்டும். ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். மாவை அப்படியே கொதியில் கொட்டினால், வெளிமாவு உடனே வெந்து பசையாகிவிடும். உள்ளே தண்ணீர் போகாது. கட்டி தட்டுவது இதனால்தான். கரைத்து ஊற்றினால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே தண்ணீர் குடித்து உப்பும். கிளறிக்கொண்டே இருங்கள், சாஸ் பளபளத்ததும் இறக்குங்கள்.

வதக்கிய கோஸ், காளானில் ஊற்றிப் புரட்டுங்கள். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். தோசைக்கும் ஜோர்!