பூதம் காத்த பணம்!

பூதம் காத்த புதையல் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். பானை நிறையப் பொன் இருக்கும். பக்கத்திலே பூதம் இருக்கும். பூதம் தானும் அனுபவிக்காது, தொட வருபவனையும் விடாது. அப்படிப்பட்ட பூதங்களை 2017-ஆம் ஆண்டிலே அமெரிக்கப் படக்காரர்கள் ஒரு பாங்கியின் நிலவறையிலே குடியேற்றினார்கள். படத்தின் பெயர் ‘தி வால்ட்’. பணம் பூட்டிவைக்கும் பெட்டக அறை என்று பொருள். இயக்கியவர் டேன் புஷ். ஜேம்ஸ் ஃபிராங்கோ, ஃபிரான்செஸ்கா ஈஸ்ட்வுட், டாரின் மானிங் ஆகியோர் நடித்தனர்.

கதை இதுதான். ஒருவன் கடனிலே மூழ்கிவிடுகிறான். அவனை மீட்க, மனக்கசப்பால் பிரிந்திருந்த சகோதரிகள் லியாவும் வீயும் ஒன்று சேர்கிறார்கள். கூட்டாளிகளோடு பாங்கியிலே நுழைகிறார்கள். துப்பாக்கி நீள்கிறது, ஊழியர்கள் பணயமாகிறார்கள். பெட்டகத்தைத் திறந்தாலோ, எதிர்பார்த்த பணம் இல்லை! அப்போது எட் மாஸ் என்ற உதவி மானேஜர் வாய் திறக்கிறார்: யாரையும் துன்புறுத்தவேண்டாம், கீழே பழைய பெட்டக அறை இருக்கிறது, அங்கே 60 லட்சம் டாலர் இருக்கிறது என்கிறார். கீழே இறங்குகிறார்கள். அங்கே காத்திருப்பது பேய்க் கூட்டம்! 1982-இல் அதே பாங்கியில் முகமூடிக்காரன் ஒருவனிடம் பணயமாகச் சிக்கி மாண்டவர்கள்தான் அங்கே அலைகிறார்கள். கடைசியிலே இன்னொன்றும் தெரிகிறது. வழிகாட்டிய எட் மாஸும் 1982-லேயே செத்தவர்!

விளக்கு மங்குகிறது, இருட்டிலே நிழல் அசைகிறது, கொட்டகையில் இருப்பவன் நாற்காலியை இறுகப் பிடிக்கிறான். அதைக் குறைகூற வரவில்லை. நாளெல்லாம் உழைத்தவன் ஒன்றரை மணி நேரம் பயந்து பொழுதுபோக்க விரும்பினால் போக்கட்டும். பேய் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால், வீடு திரும்பும் வழியிலே ஒரு கேள்வியை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த நிலவறையிலே அலைவது யார்? பாங்கியின் முதலாளியா? பங்கு லாபம் வாங்கியவரா? இல்லை! அன்றைக்கு வேலைக்கு வந்து அகப்பட்டுக்கொண்டவர்கள். கொள்ளையிட வந்தவர்கள் யார்? கடன்பட்டவனும் அவன் உடன்பிறந்தவர்களும். வெளியே வளைத்து நிற்பவர்கள் யார்? போலீஸ்காரர்கள், அவர்களும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள். செத்தவன் சம்பளக்காரன், சாகத் துணிந்தவன் கடன்பட்டவன், சுட வந்தவனும் கூலிக்கு உழைப்பவன்! பணத்துக்கு உரியவன் எங்கே? படத்திலே அவன் நிழல்கூட விழவில்லை.

எட் மாஸைப் பாருங்கள். படம் வந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட்டால், மனிதர் மாண்டு 35 ஆண்டுகள். ஆனாலும் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்து நிற்கிறார்! ஊதியம் இல்லை, ஓய்வு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. தனக்குச் சொந்தமில்லாத பணத்துக்குச் செத்த பிறகும் காவல்! இதைவிடக் கொடிய பேய்க்கதை வேறென்ன வேண்டும்?

முகமூடி அணிந்தவன் மட்டுமா பாங்கிப் பணத்தைச் சூறையாடுகிறான்? அதே அமெரிக்காவின் வரலாற்றைப் புரட்டுவோம். 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 பாங்கிகள் முறிந்தன. வயிற்றைக் கட்டிச் சேர்த்துவைத்த பணம் போயிற்றே என்று மக்கள் மூடிய கதவுகளின் முன்னே நின்றார்கள். 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றதும் நாட்டிலுள்ள பாங்கிகளை எல்லாம் தற்காலிகமாக மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. 1934 ஜனவரியிலேதான், ஒருவருக்கு 2,500 டாலர் வரை, சேமிப்புக்கு நாடு தழுவிய காப்பு வந்தது.

அதோடு தீர்ந்ததா? திருப்பித் தர முடியாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்து, அந்தக் கடன்களை மூட்டைகட்டி விற்று லாபம் பார்த்தார்கள். 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் சாய்ந்தது. அடுத்த மாதமே 70,000 கோடி டாலர் வரை ஒதுக்க அமெரிக்க அரசு சட்டம் செய்தது. ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியை அரசு கைகொடுத்துத் தூக்கியது. அதை வீழ்த்திய பிரிவிலே இருந்தவர்களுக்கு, 2009 மார்ச்சில், பதினாறரைக் கோடி டாலர் போனஸ்! லட்சக்கணக்கான குடும்பங்களோ வீடிழந்து வீதிக்கு வந்தன. இத்தனைக்கும் ஒரு முகமூடி தேவைப்படவில்லை. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை!

“அப்படியானால் லியாவும் வீயும் செய்தது சரிதானே?” என்று கேட்பீர்கள். சரியல்ல, தோழர்களே! அந்தத் துப்பாக்கி யார் நெஞ்சுக்கு நேரே நீண்டது என்று பாருங்கள். லாபம் வாங்குபவன் நெஞ்சுக்கு நேரே அல்ல. பணம் எண்ணிக் கொடுக்கும் பெண்ணின் நெஞ்சுக்கு நேரே! தன்னைப் போன்ற சம்பளக்காரியை நடுங்கவைத்து எவனும் தன் கடனைத் தீர்த்துக்கொள்ள முடியாது. 1982-இன் முகமூடிக்காரன் செய்ததும் அதுதான், விளைந்தது பிணக்குவியல்.

வேறு வழி இருந்தது. அதே நாட்டிலேயே இருந்தது. உழைப்பவர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே சேர்த்து, தங்களுக்குள்ளே கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்களுக்கு நாடு தழுவிய சட்டம் வந்ததும் 1934-இல்தான். கடன் கொடுத்தவன் கதவைத் தட்டும்போது, தனியாக நிற்பவன் நடுங்குகிறான்; சங்கமாக நிற்பவன் கணக்குக் கேட்கிறான்.

படத்தின் பேய்கள் விளக்கு எரிந்ததும் மறைந்துவிடும். கடன் என்ற பேய் காலையிலும் வாசலிலே நிற்கும். அதை ஓட்டத் துப்பாக்கி உதவாது, பூசாரியும் உதவமாட்டான். பூதம் காக்கும் பணம் யாருடையது என்று எல்லோரும் கூடிக் கேட்கும் நாளிலே, அந்தப் பேய் தானே ஓடும்!