வெள்ளைச் சுவரும் பால் பாத்திரமும்

சென்னை ரிப்பன் மாளிகையைப் படமெடுத்தவர்களின் படங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். மாளிகை முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும். இல்லையென்றால் கோபுரமும் தூண்களும் ஒரே வெள்ளைத் தீற்றலாகி, அலங்காரம் இருந்த இடமே தெரியாது. கேமராவின் விலைக்கும் இதற்கும் அதிக சம்பந்தம் இல்லை. பால் காய்ச்சத் தெரிந்தவருக்கு இது சட்டென்று விளங்கிவிடும்.

சென்சாரில் இருக்கும் கோடிக்கணக்கான பிக்சல்களில் ஒவ்வொன்றையும் அடுப்பில் ஏற்றிய ஒரு பால் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்தால் எல்லா அடுப்பும் ஒன்றாகப் பற்றும்; மூடினால் ஒன்றாக அணையும். வெயில் படும் சுவருக்கு உரிய பாத்திரத்துக்குப் பெருந்தீ, நிழலுக்கு உரியதற்குச் சிம். பால் எவ்வளவு ஏறியது என்பதுதான் படத்தில் அந்தப் புள்ளியின் வெளிச்சம். பொங்கி வழிந்துவிட்டால்? இரண்டு பாத்திரங்களில் ஒன்று கொஞ்சம் வழிந்திருக்கும், மற்றது குடம் குடமாக வழிந்திருக்கும். உள்ளே பார்த்தால் இரண்டிலும் விளிம்பு மட்டம்தான். வித்தியாசம் அடுப்போடு போயிற்று. எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது.

ரிப்பன் மாளிகைக்கு இது உயிர்நிலை. ஜி.எஸ்.டி. ஹாரிஸ் வடிவமைக்க, லோகநாத முதலியார் கட்டி, 1913இல் திறக்கப்பட்ட கட்டடம் இது. செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, அதன்மேல் வெள்ளை. பக்கத்தில் சிஷோம் வடிவமைத்த விக்டோரியா பொது மண்டபத்தில் செங்கல்லின் சிவப்பே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே நிறம் கைகொடுக்காது. தூண்தலையில் சுருண்ட இலையும் வெள்ளை, இலைக்கு நடுவே உள்ள பள்ளமும் வெள்ளை. இலைப் பாத்திரத்துக்கும் பள்ளப் பாத்திரத்துக்கும் விளிம்புக்கு அருகே ஒரு விரற்கடை வித்தியாசம். அலங்காரம் என்பதே அந்த விரற்கடைதான். இரண்டும் வழிந்தால் இலை கிடையாது.

பயந்து அடுப்பைச் சீக்கிரம் அணைக்கலாமே என்றால், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது. தான் பார்ப்பது வெள்ளையா கறுப்பா என்று பழைய மாதிரி மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் நடுச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் அதைப்போல் நான்கு மடங்கு திருப்பக்கூடியது. கால் பாத்திரத்திலேயே அடுப்பு அணைகிறது, மாளிகை சாம்பலாகிறது. பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றுவது, ஏறாத பாலில் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் கூட்டுவது. நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிவது அந்தத் தண்ணீரால்தான்.

ஆகவே மீட்டர் சொல்வதைவிடக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்கு, படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். சுவர் சட்டத்தில் பாதி இருந்தால் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டித் தொடங்குவது என் பழக்கம். வரைபடத்தின் மேடு வலக்கோடியில் மோதாமல் நெருங்கி நிற்க வேண்டும். சென்சார் அளந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் லாபம் அதிகம். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். அவற்றில் பாதி, அதாவது 8,192, பாத்திரத்தின் மேல் பாதியிலேயே இருக்கின்றன. வெள்ளை வேலைப்பாட்டுக்கு வேண்டிய நுணுக்கமெல்லாம் அங்கேதான்.

இனி தீ எந்தப் பக்கத்திலிருந்து எரிகிறது என்பது. முகப்பு ஏறக்குறைய தெற்கே, ஈ.வெ.ரா. பெரியார் சாலையைப் பார்த்தது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதித்து முகப்பை உரசிக்கொண்டு வரும். அப்போது ஒவ்வொரு பிதுக்கமும் பக்கத்தில் நிழலை வீழ்த்தும், விரற்கடை வித்தியாசம் ஒரு சாணாகும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையோ சென்னையில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். ஜூனில் முகப்பு பெரும்பாலான நேரம் தன் நிழலிலேயே இருக்கும். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே சிம். வழியும் ஆபத்து இல்லை, ஆனால் வேலைப்பாடும் எழுந்து நிற்காது. கோடை விடுமுறையில் வந்து படமெடுத்துவிட்டு மாளிகை தட்டையாக இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்கலாம்.

போன்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. பொங்குவதற்கு வெகு முன்பே இறக்கிய பல ஈடுகளை ஒன்றாகச் சேர்க்கின்றன; வழிவதும் இல்லை, தண்ணீரும் தெரிவதில்லை. ஆனால் நிழல் என்றாலே தூக்கிவிடும் அவற்றின் குணம் எனக்குப் பிடிப்பதில்லை. மார்கழி வெயில் கொடுத்த நிழலையும் அழித்துவிடும். நிழலைக் குறைக்கும் வசதி செயலியில் இருந்தால் எடுத்தபின் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

இரவில் நிலைமை மாறும். சுதந்திர தினத்தையொட்டி மூவண்ண விளக்கு போடும்போது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் காவி விழுந்த பகுதியில் வேலைப்பாடு கரைந்திருக்கும். காரணம், பாத்திரங்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. நான்கில் ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு, இரண்டு பச்சைக்கு. காவி ஒளியில் சிவப்புப் பாத்திரம் முதலில் வழிகிறது. வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் பச்சையையே அதிகம் நம்புவதால் அதைச் சொல்லாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு மாற்றி, சிவப்புக் கோடு வலக்கோடியை விட்டு விலகும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பகலில் கூட்டிய அதே கட்டடத்துக்கு இரவில் குறைக்க வேண்டியிருக்கும்.