பூஜ்யம் முதல் ஆறு வரை

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஆல்ஃபிரெட் கின்ஸி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குளவி பிடித்தவர். ஓக் மரங்களில் முடிச்சுகளை உண்டாக்கும் சின்னஞ்சிறு குளவிகளை லட்சக்கணக்கில் சேகரித்து, இறக்கை இறக்கையாக அளந்தார். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. 1938-ல் திருமணம் பற்றிப் பாடம் நடத்தப் போனவர், மாணவர்களின் கேள்விகளுக்கு விடை தரும் ஆய்வுகளே இல்லை என்று கண்டு, மனிதர்களின் பாலியல் வாழ்க்கையை ஆராயத் திரும்பினார்.

அவர் பேட்டி எடுத்த விதம் சாமர்த்தியமானது. “செய்ததுண்டா?” என்று கேட்கமாட்டார், “முதன்முதலில் எந்த வயதில்?” என்பார். இல்லை என்று மறுக்கும் சுமை எதிரில் இருப்பவருடையது. பதில்கள் மனப்பாடமான ரகசியக் குறியீட்டில் பதிவாகும்.

1948-ல் அவர் குழு வெளியிட்ட பாலீர்ப்பு அளவுகோலில் 0 என்றால் எதிர்பாலர் மட்டும், 6 என்றால் தன்பாலர் மட்டும். இடையில் ஐந்து படிகள். எந்தப் பாலரிடமும் உறவோ நாட்டமோ இல்லாதவர்களுக்கு ‘எக்ஸ்’. தாமாக முன்வந்தவர்களும் சிறைக் கைதிகளும் அவருடைய மாதிரியில் அதிகம். அதனால் எந்தப் படியில் எத்தனை பேர் என்று அவர் சொன்ன சதவீதங்களைப் புள்ளியியலாளர்கள் நம்பவில்லை. நியாயம்தான். அளவுகோல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அதிலும் ஒரு கோளாறு. ஒருபக்க ஈர்ப்பு கூடினால் மறுபக்கம் குறைந்தே ஆக வேண்டும். காபி பிடித்தவருக்கு டீ பிடிக்காது என்பதைப் போல. உளவியலாளர் மைக்கேல் ஸ்டார்ம்ஸ் 1980-ல் இரண்டையும் தனித்தனி அச்சுகளாக்கினார். இரண்டும் உச்சத்தில் இருப்பவர், இரண்டும் தாழ்ந்திருப்பவர் என எல்லோருக்கும் இடம் கிடைத்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், கின்ஸியின் எண் ஆசையையும் செயலையும் ஒன்றாகக் கலந்ததுதான். 1992-ல் சமூகவியலாளர் எட்வர்ட் லாமன் குழு 3,432 அமெரிக்கர்களிடம் மூன்றைத் தனித்தனியாகக் கேட்டது: யார் மீது ஈர்ப்பு, யாரோடு உறவு, தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறார். ஏதேனும் ஒன்றிலாவது தன்பால் சாயல் காட்டிய ஆண்கள் சுமார் 10 சதவீதம். தன்னைத் தன்பாலீர்ப்பாளர் அல்லது இருபாலீர்ப்பாளர் என்று சொன்ன ஆண்களோ 2.8 சதவீதம் மட்டுமே. அப்படியொரு சாயல் காட்டிய பெண்களில், மூன்றும் ஒத்துப்போனவர்கள் 15 சதவீதம்தான்.

ஆக, ‘எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. செயல் வேறு, அடையாளம் வேறு என்பதை எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்களும் புரிந்துகொண்டார்கள். கிருமி அடையாளம் பார்த்துப் பரவுவதில்லை. அதனால்தான் அவர்களுடைய படிவங்களில் ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்றே இருக்கிறது. அவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொள்கிறார்கள் என்பது வேறு கேள்வி.