அரையும் அரையும் கால்தானே?

பின்னக் கணக்கு பரீட்சையோடு ஒழிந்தது என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அஃது அவ்வாறன்று என்பதைப் பல்லேகமவில் நாம் நேரிற் கண்டோம்.

களுகங்கை அணையால் இன்று பலரும் அறிந்துள்ள மாத்தளை மாவட்டத்துச் சிற்றூர் அது. அங்கே நமக்கு அறிமுகமான குடும்பமொன்றிற் காணிப் பங்கீடு நடந்தது. தங்கையின் பங்கை அண்ணனே விலைக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு; விலையோ பேர்ச் கணக்கில். துண்டின் நீளம் 82½ அடி, அகலம் 49½ அடி. அண்ணன் தாளை எடுத்தார். எண்பத்திரண்டை நாற்பத்தொன்பதாற் பெருக்கினார், 4018 வந்தது. “அரையும் அரையும் பெருக்கினாற் கால், ஆகவே 4018¼ சதுர அடி” என்றார். அவர் நெஞ்சில் வஞ்சகம் இல்லை. கணக்கில்தான் பிழை.

ஏழாம் ஆண்டிற் படிக்கும் மருமகள் மெல்லக் கேட்டாள்: “மாமா, அந்த அரை அடி ஓரம் முழுவதும் எங்கே போயிற்று?”

நியாயமான கேள்வி! காணியைப் படமாக வரைந்து பாருங்கள். நான்கு துண்டுகள் தோன்றும். பெரிய துண்டு 4018, நீளத்தின் ஓரமாக அரை அடிப் பட்டை 41, அகலத்தின் ஓரமாக மற்றொன்று 24½, மூலையிற் கால். ஆக மொத்தம் 4083¾ சதுர அடி. அண்ணன் முதலையும் ஈற்றையும் சேர்த்து, நடுவிலுள்ள இரண்டையும் மறந்துவிட்டார். விடுபட்டது 65½ சதுர அடி. ஏறத்தாழக் கால் பேர்ச்!

இத்தகைய பிழை நேராதிருக்க வழி எளிது. பெருக்குமுன் கலப்பெண்ணை முறைமையில்லாப் பின்னமாக மாற்றிக்கொள்ள வேண்டும். 82½ என்பது 165/2. 49½ என்பது 99/2. மேலெண்களைப் பெருக்க 16335. கீழெண்களைப் பெருக்க 4. வகுத்தால் அதே 4083¾.

பேர்ச் என்பதும் கலப்பெண்ணிற் பிறந்ததே. பக்கம் 16½ அடியுள்ள சதுரம் ஒரு பேர்ச். அதாவது 33/2ஐ 33/2ஆற் பெருக்க 1089/4, 272¼ சதுர அடி. 16335/4ஐ 1089/4ஆல் வகுத்தால் மிச்சமின்றி 15 பேர்ச் கிடைக்கிறது.

அண்ணன் சிரித்தபடி தாளைக் கிழித்தெறிந்து, பதினைந்து பேர்ச்சுக்கும் உரிய விலையைக் கொடுக்க இசைந்தார். தங்கை கணக்கறியாதவள்; கேட்டிருக்கவும் மாட்டாள். பின்னொரு நாள் நில அளவையாளர் வாயால் உண்மை வெளிப்பட்டிருந்தால், அண்ணன் ஏமாற்றினான் என்றே அவள் மனம் நொந்திருப்பாள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் வீட்டில் வசனக் கணக்குச் செய்யும்போது விடையை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். படம் வரையச் சொல்லுங்கள். அரை அடி ஓரம் எங்கே என்று கேளுங்கள்.