மழை எப்போது வரும்? உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்!

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி. பிற்பகல் நான்கு மணி இருக்கும். பூந்தமல்லியில் எங்கள் வீட்டு ஹாலில், வாங்கி நான்கு மாதமே ஆன கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்தேன். வெளியே விடாத மழை. மானிட்டரில் வானிலை ஆய்வுத் துறையின் சென்னை ரேடார் படம். படம் முழுக்க மஞ்சளும் சிவப்பும். ஓரத்தில் நேரம் 10:20 என்று இருந்தது. "அம்மா, இது காலையில் எடுத்த படம். இந்த மேகமெல்லாம் இந்நேரம் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு பிரவுசரை மூடினேன்.

அது பழைய படம் அல்ல. ரேடார் படத்தில் இருந்த நேரம் நம் நேரமும் அல்ல, யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். 10:20 என்றால் நமக்கு பிற்பகல் 3:50. பத்து நிமிடத்துக்கு முன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் மழை போய்விட்டது என்று சொன்னேன். இரவு தண்ணீர் வாசற்படி ஏறியது. மின்சாரம் போயிருந்தது. இருட்டில் அரிசி மூட்டையையும் துணிகளையும் தூக்கி வைத்தோம். தரையில் இருந்த சி.பி.யு. யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை 8:30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், எங்களுக்குப் பக்கத்தில் உள்ள செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. 600 சதுர அடி மொட்டை மாடியில் 47 சென்டிமீட்டர் என்றால் சுமார் 26,000 லிட்டர். இரண்டு பெரிய தண்ணீர் லாரிகளுக்கு மேல்! செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது அடையாற்றில். எங்கள் தெருவுக்கு வந்தது அந்தத் தண்ணீர் அல்ல. வடிய வழியில்லாமல் நின்ற மழைத் தண்ணீர்தான். சி.பி.யு.வுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு கூட்டல் கணக்கில் செய்த தவறு அது. கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியிருக்கும் உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இந்தக் கட்டுரை. மொபைல் போனில் மேகப் படமும் சதவீதமும் வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது "சென்னை" என்ற பெயருக்குச் சொல்லப்படுவது. 2015இல் அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 சென்டிமீட்டர். நுங்கம்பாக்கத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் வித்தியாசம் 18 சென்டிமீட்டர். உங்கள் தெருவுக்கு என்ன வரும் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய படங்கள் எல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ரேடார் படத்தைப் படிப்பது எப்படி?

முதலில் பிரவுசரைத் திறந்து, வானிலை ஆய்வுத் துறையின் "மௌசம்" வெப்சைட்டுக்குச் செல்லுங்கள். அதில் ரேடார் பகுதியில் சென்னையைத் தேர்ந்தெடுங்கள். துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார்தான் இத்துறையின் முதல் டாப்ளர் ரேடார். பள்ளிக்கரணையில் உள்ள இன்னொரு ரேடார் 2022 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒன்றின் படம் வராத நாளில் மற்றதைப் பாருங்கள்.

ரேடார் அனுப்பும் ரேடியோ அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. எவ்வளவு வலுவாகத் திரும்புகின்றன என்பதுதான் வண்ணங்களாகத் தெரிகிறது. நீலம், பச்சை என்றால் லேசான மழை. மஞ்சள், சிவப்பு என்றால் குடையை மறந்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். படத்தில் வட்ட வட்டமாக இருக்கும் கோடுகள் ரேடாரிலிருந்து தொலைவைக் காட்டுபவை.

இப்போது நேரத்தைப் பாருங்கள். யு.டி.சி. என்றோ இசட் என்ற எழுத்தோ இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.டி. என்றிருந்தால் அது நம் நேரம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு பார்த்த படத்தை பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு, அதையே மறுபடியும் காட்டக்கூடும். கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி எஃப்5 கீயைத் தட்டினால் புதிய படம் வரும்.

ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை ரைட் கிளிக் செய்து சேமித்து, பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகங்கள் பெரும்பாலும் வங்கக் கடலிலிருந்து கரை நோக்கி வரும். பத்து மணிப் படத்தில் மெரினாவிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருந்த சிவப்புத் திட்டு, பத்தரை மணிக்கு 35 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். அரை மணிக்கு 15 என்றால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 11:40க்கு மெரினா. பூந்தமல்லி மெரினாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். எனவே எங்களுக்கு 12:20. மாடியில் காயும் துணியை எடுக்க அம்மாவுக்கு இது தாராளமான நேரம்.

ஆனால் இந்தக் கணக்கு அடிக்கடி பொய்க்கும். கடலில் ஆர்ப்பாட்டமாக இருக்கும் மேகம் கரை ஏறியதும் கரைந்துபோவது உண்டு. குறிப்பாக நள்ளிரவுக்குப் பிறகு கடலோரத்தில் உருவாகும் மழை, மயிலாப்பூரை நனைத்துவிட்டு மதுரவாயலுக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடும். நான் சொன்னதை நம்பி அம்மா துணிகளை வாரிக்கொண்டு ஓடிவர, அதன்பிறகு வெயில் அடித்த நாட்களும் உண்டு. அப்படியும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ரேடாரைவிட நல்ல துணை வேறு இல்லை என்பதே என் அனுபவம்.

நாளைய மழை?

நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் ரேடார் உதவாது. அங்கே கம்ப்யூட்டர் கணிப்புகள் வேண்டும். 1950இல் அமெரிக்காவின் எனியாக் கம்ப்யூட்டரில் முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 24 மணி நேரக் கணிப்பைச் செய்து முடிக்கவே சுமார் 24 மணி நேரம் ஆனது! இன்று அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். தினமும் நான்கு முறை உலகம் முழுவதற்கும் கணக்கிடுகிறது. பூமியை சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஐரோப்பிய மையத்தின் கணிப்பில் கட்டம் 9 கிலோமீட்டர். 2025 மே மாதம் நம் நாட்டில் தொடங்கிய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டத்தில் 6 கிலோமீட்டர். அமெரிக்க, ஐரோப்பிய கணிப்புகளை "விண்டி" என்ற வெப்சைட்டில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் ஓரளவு நம்பலாம். ஒன்று நெல்லூருக்கும் மற்றொன்று நாகப்பட்டினத்துக்கும் மழையை அனுப்பினால், யாருக்கும் இன்னும் தெளிவில்லை என்று அர்த்தம்.

ஏன் இப்படி மாறுகிறது? 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி தன் வானிலை புரோகிராமைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்டினார். கம்ப்யூட்டருக்குள் இருந்த எண் 0.506127. பிரின்ட் எடுத்த தாளில் மூன்று இலக்கம் மட்டுமே இருந்ததால் 0.506 என்று டைப் செய்தார். காபி குடித்துவிட்டு வருவதற்குள் வானிலை முற்றிலும் வேறாகிவிட்டது. எக்செல்லில் தசம இலக்கங்களைக் குறைத்துக் காட்டும் பட்டனை அழுத்தியிருப்பீர்கள் அல்லவா? எக்செல் காட்டுவதைத்தான் குறைக்கிறது. உள்ளே முழு எண் அப்படியே இருக்கிறது. லாரன்ஸ் உள்ளே இருந்ததையே குறைத்துவிட்டார். கடலுக்கு நடுவே காற்றையும் ஈரத்தையும் நாம் அளப்பதில் அதைவிடப் பெரிய பிழை இருக்கத்தானே செய்யும்? 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகல் சென்னையில் கொட்டிய மழை பலரையும் ஆபீசிலும் சாலையிலும் மாட்டவைத்தது. சிவப்பு எச்சரிக்கை வந்தது மழை கொட்டத் தொடங்கிய பிறகுதான்.

எச்சரிக்கையில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. டி.வி.யில் இவற்றை மாற்றிச் சொன்னாலும் நீங்கள் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சம்படமும் எக்செல்லும்

2015க்குப் பிறகு நான் முதலில் செய்த வேலை, அம்மாவின் எவர்சில்வர் சம்படம் ஒன்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனது. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம்தான் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் வாளியில் வாய் அகலம், அடி குறுகல். அது மழையைக் கூட்டிக் காட்டும். சுவர், தண்ணீர் டேங்க் இவற்றிலிருந்து தள்ளி, காற்றில் விழாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வையுங்கள். தினமும் காலை 8:30க்கு ஸ்கேலை விட்டு அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. எனவே இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்.

எக்செல்லில் நான்கு காலம் போதும்: தேதி, முந்தைய இரவு நான் எதிர்பார்த்தது, சம்படத்தில் கிடைத்தது, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம். ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியத்தின் வெப்சைட்டில் பார்க்கலாம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. ஏரி நிரம்பும் தறுவாயில் இருக்கும்போது வரும் கனமழையும், காலியாக இருக்கும்போது வரும் கனமழையும் ஒன்றல்ல. இரண்டாவது காலத்தைக் காலையில் திருத்தக்கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. நேற்று நான் சொன்னது தப்பு என்று தினமும் படிப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

சிவப்பு எச்சரிக்கை வந்தால் கம்ப்யூட்டருக்குச் செய்ய வேண்டியவை: முக்கிய ஃபைல்களை பென் டிரைவில் காப்பி செய்து அதை உயரத்தில் வையுங்கள். சி.பி.யு., யு.பி.எஸ். இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றி மேஜைமேல் ஏற்றுங்கள். இடி இருந்தால் இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யாதீர்கள். நான் அப்படித்தான் ஆன் செய்தேன். ஒரு வேளை பிழைத்திருக்கக்கூடிய ஹார்ட் டிஸ்கும் போயிற்று. அதில் அக்காவின் கல்யாண போட்டோக்கள் இருந்தன.

பனிமூட்டம்

மழை ஓய்ந்து ஜனவரி வந்தால் பூந்தமல்லிக்கு வேறு கவலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுவார்கள். முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாத நாட்கள் உண்டு. இதற்கு ரேடார் பயன்படாது. பனித்துளிகள் அதன் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. இரவில் எடுக்கப்படும் சாதாரண அகச்சிவப்பு சாட்டிலைட் படத்திலும் தெரியாது. அது மேகத்தின் குளிர்ச்சியை வைத்துக் காட்டும் படம். தரையோடு படிந்த பனிமூட்டத்துக்கும் தரைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான்.

விமான நிலையத்தின் "மெட்டார்" அறிக்கை இங்கே கைகொடுக்கும். சென்னை விமான நிலையத்தின் குறியீடு வி, ஓ, எம், எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அமெரிக்க அரசின் ஏவியேஷன் வெதர் வெப்சைட்டில் அதை டைப் செய்தால் ஒரு வரி வரும். அதில் 23/22 போல் ஒரு ஜோடி எண் இருக்கும். முதலாவது வெப்பநிலை, இரண்டாவது, காற்றில் உள்ள ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை. இரவு பத்து மணிக்கே இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், வானம் தெளிவு, காற்று இல்லை, இரண்டு நாளுக்கு முன் மழை பெய்து தரை ஈரமாக இருக்கிறது என்றால் விடியலில் பனிமூட்டம் வர வாய்ப்பு அதிகம். விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏரியும் காலி மனைகளும் உள்ள எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் குளிரும். விடியலில் அதே வரியில் 0300 என்று இருந்தால் 300 மீட்டர் வரைதான் கண் தெரிகிறது என்று பொருள். ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் அது பனிமூட்டம், எஃப்.ஜி. என்ற எழுத்துகள் வரும். இந்த நேரமும் யு.டி.சி.தான்: 2330 என்றால் நம் காலை 5 மணி.

போகிப் பண்டிகைக்கு மட்டும் தனிக் கணக்கு. பழைய பாயும் டயரும் எரிக்கும் புகை பனியோடு சேர்ந்துவிடும். 2018 ஜனவரி 13, போகி அன்று காலை சென்னை விமான நிலையத்தில் கண் தெரியாமல் விமானங்கள் தாமதமாகின. பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

என் தம்பி காலை ஐந்து மணிக்கு பைக்கில் வேலைக்குக் கிளம்புகிறான். ஜனவரியில் தினமும் இரவு படுக்கப் போகும் முன் "நாளைக்குப் பனி உண்டா?" என்று கேட்பான். ஜோடி எண்ணைப் பார்த்துச் சொல்வேன். உண்டு என்றால் நாலரைக்கே கிளம்பி, பைக்கை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவான். பனியே இல்லாத காலையில் அப்படிப் போய்விட்டு வந்தால், மாலையில் என்னோடு பேசமாட்டான். அதையும் எக்செல்லில் எழுதி வைத்திருக்கிறேன்.