குளிர்காலத்தில் பழைய டீசல் வண்டிகள் கிளம்பாமைக்குக் காரணங்களும் பரிகாரங்களும்

நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப்பிரதேசங்களில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவது யாவரும் அறிந்ததே. இக்காலத்தில் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றை விடியுமுன் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டிய விவசாயிகள், பழைய டீசல் ஜீப்பும் டிராக்டரும் கிளம்பாமையால் பல மணி நேரம் வீணாகக் காத்திருக்க நேரிடுகிறது. அறுத்த காய்கறி காத்திராது. மண்டியின் காலை விலையும் காத்திராது. அவசரத்தில் சிலர் குற்றமில்லாத பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிப் பணத்தைச் செலவழித்துவிடுகின்றனர். உண்மையான காரணம் பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும். ஆகையால் முறைப்படி பரீட்சித்துக் குற்றத்தைக் கண்டறியும் வழி இங்கே விவரிக்கப்படுகிறது.

டீசல் என்ஜினுக்குக் குளிர் பகையாவது ஏன்?

ஜெர்மானிய இன்ஜினீயராகிய ருடால்ப் டீசல் என்பவர் 1897-ம் வருஷத்தில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இவ்வியந்திரத்தில், பெட்ரோல் என்ஜினைப்போல் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்று 16-ல் ஒரு பங்கு முதல் 22-ல் ஒரு பங்கு வரையில் சுருக்கப்படுகிறது. அவ்வாறு நெருக்குண்ட காற்று, ஓடும் என்ஜினில் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளுகிறது. உஷ்ணமே இவ்வியந்திரத்தின் தீக்குச்சி என்று சொல்லலாம்.

உட்புகும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால், நெருக்கத்தின் முடிவில் உஷ்ணம் இரண்டு டிகிரிக்கு மேலாகவே குறையும். அன்றியும், என்ஜின் மெதுவாகச் சுழன்றால், உண்டான சூடு குளிர்ந்த சுவர்களில் பரவிப்போவதற்கும், காற்று ரிங்குகளின் வழியே கசிவதற்கும் அவகாசம் கிடைக்கிறது. மலைமேல் இன்னுமொரு குறையுண்டு. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் முக்கால் பங்கே. ஆகவே சமவெளியில் குறையின்றிக் கிளம்பும் தேய்ந்த என்ஜின், மலையில் பிடிவாதம் செய்வதில் வியப்பில்லை.

முதலில் பார்க்க வேண்டியவை

எதையும் கழற்றுமுன், டாங்கில் எண்ணெய் உண்டா, குழாயின் திருகு திறந்திருக்கிறதா, என்ஜினை நிறுத்தும் கம்பி முழுதும் தன்னிடத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த அக்கம்பி பாதியில் நின்றுவிட்டால், பம்பு எண்ணெய் விடாது. பின்பு இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: என்ஜின் எவ்வளவு வேகமாய்ச் சுழலுகிறது? புகைக்குழாயில் என்ன வருகிறது? மற்றெல்லாப் பரீட்சைகளும் இவ்விரண்டிலிருந்தே தொடங்கும்.

1. என்ஜின் மெதுவாகச் சுழன்றால்

குற்றம் பெரும்பாலும் பாட்டரியிலோ அதன் கம்பிகளிலோ இருக்கும். உறைநிலைக் குளிரில் பாட்டரியின் பலம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துபோகிறது. அதே சமயத்தில் குளிரால் கெட்டியான மசகெண்ணெய் அதிக பலத்தைக் கேட்கிறது. ஹைட்ராமீட்டர் கொண்டு ஒவ்வோர் அறையின் திராவகத்தையும் சோதிக்கலாம். 1.265 அளவில் இருந்தால் முழு சார்ஜு, 1.190 என்றால் பாதி சார்ஜே உளது என்று கொள்ளலாம். ஓர் அறை மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் பாட்டரி பழுதென்று அறிக. திராவகம் குறைந்திருந்தால் வாலை வடித்த நீரையே விட வேண்டும்.

12 வோல்ட் வண்டியில் ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் குறையலாகாது. அவ்வளவு இருந்தும் என்ஜின் சோம்பலாய்ச் சுழன்றால், கம்பிகளின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். வெண்மையாகப் பூத்த முனைகளைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலைன் தடவ வேண்டும். என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் கம்பியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதிலும் துரு ஏறியிருக்கலாம். மேலும், வெறும் 40-ம் எண் எண்ணெய்க்குப் பதிலாக 15டபிள்யூ-40 வகை எண்ணெய் இட்டால் குளிரில் சுழற்சி எளிதாகும். வண்டியைத் தயாரித்தோர் அனுமதித்திருக்கும் எண்ணெயா என்பதைக் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவும்.

2. வேகமாய்ச் சுழன்றும் புகையே வராவிட்டால்

எண்ணெய் சிலிண்டரைச் சேரவில்லை என்பதே இதன் பொருள். இரவில் எண்ணெய் டாங்குக்குத் திரும்பி வடிந்து, குழாயில் காற்றுப் புகுந்திருப்பது சாதாரணம். வெடித்த ரப்பர் குழாய், நைந்த செப்பு வாஷர், பில்டர் மூடியின் பழைய வளையம் ஆகியவை எண்ணெய் சொட்டாமலே காற்றை இழுக்கக்கூடும். இதை அறிய ஓர் எளிய வழியுண்டு. சுத்தமான டீசல் நிரம்பிய சிறு டப்பாவைப் பம்புக்கு மேலாகக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்தே பம்புக்கு எண்ணெய் வரும்படி முதல் நாள் மாலையில் இணைத்துக் காற்றையும் எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் வண்டி உடனே கிளம்பினால், குற்றம் டாங்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள பாதையில் என்று தெளியலாம்.

காற்றை எடுக்கும் முறை: பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்கவும், குமிழியின்றி எண்ணெய் வந்ததும் இறுக்கவும். பின்னர் இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யவும். அதன்பின்னும் கிளம்பாவிடில், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எண்ணெய் கசிந்ததும் இறுக்கலாம். அப்போது கையை அருகில் வைத்தல் கூடாது. இன்ஜெக்டரில் எண்ணெய் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்வதால் தோலைத் துளைத்துவிடும். அத்தகைய காயம் சிறிதாய்த் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

3. வெண்புகை வந்தும் பற்றாவிட்டால்

எண்ணெய் வருகிறது, ஆனால் அதை எரிக்கும் சூடு இல்லை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டிகளில் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மிகப் பழைய வகையில் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும்; ஒன்று அறுந்தால் எல்லாம் குளிர்ந்துபோகும். பிற்கால வகையில் ஒவ்வொன்றும் தனித்தனியே மின்சாரம் பெறும். ஒன்று கெட்டால் அந்தச் சிலிண்டர் மட்டும் சிறிது நேரம் பற்றாது, வண்டி குலுங்கி வெண்புகை விட்டுப் பின் சீர்படும். சோதிக்க, பிளக்கின் கம்பியைக் கழற்றி, பாட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பின் வழியாகப் பிளக்கின் தலையைத் தொடவும். பல்பு எரிந்தால் உள்ளிழை அறவில்லை. எரியாவிடில் பிளக்கை மாற்ற வேண்டும். பிளக்குகள் நல்லனவாயின், அவற்றுக்கு மின்சாரம் வந்துசேருகிறதா என்று ரிலேயையும் சுவிட்சையும் பார்க்கவும். பழைய வகைப் பிளக்குகளுக்கு 15 முதல் 30 விநாடி வரை சூடேற்றம் தேவை. பொறுமையின்றி ஸ்டார்ட்டரைத் திருப்புவதே பலருடைய தொல்லைக்குக் காரணம்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக் இராது. அவற்றில் கிளம்பும் சமயம் அதிக எண்ணெய் விடுவதற்குப் பம்பில் ஒரு பொத்தான் இருக்கக்கூடும். அதை உபயோகிக்க வேண்டும்.

4. மேற்கூறியன யாவும் சரியாயிருந்தால்

இன்ஜெக்டர் சொட்டுதல், பம்பின் நேரம் பிந்துதல், வால்வு இடைவெளி குறைதல், ரிங்குகளும் சிலிண்டரும் தேய்தல் ஆகியவையே எஞ்சுகின்றன. என்ஜினின் மூச்சுக்குழாயில் புகை உந்தி வருதலும், மசகெண்ணெய் அடிக்கடி குறைதலும், நீலப்புகையும் தேய்மானத்தின் அடையாளங்கள். தேர்ந்த மெக்கானிக்கைக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் நெருக்கத்தையும் மீட்டரால் அளந்த பின்பே, பெரிய பழுதுபார்ப்புக்குச் சம்மதிக்க வேண்டும். அளக்காமல் என்ஜினைப் பிரிப்பது தகாது.

செய்யத்தகாதவை

எண்ணெய்த் தட்டின் கீழ் நெருப்பு மூட்டுதல் சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இதனால் வண்டியும் கொட்டகையும் எரிந்துபோகக்கூடும். குளிர்ந்த பம்பின் மேல் வெந்நீர் ஊற்றினால், மிக நெருக்கமாய்ப் பொருந்திய அதன் உறுப்புகள் இறுகிக்கொள்ளலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காற்றுக் குழாயின் மேல் சுற்றுதலே போதும். ஈதர் தெளிப்பதோ, ஹீட்டர் உள்ள என்ஜின்களில் பேராபத்து. ஏனையவற்றிலும் பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 அல்லது 15 விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையில் ஒரு நிமிஷமாவது ஓய்வு தரவும். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடுதல் உயிருக்கே அபாயம். அப்புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

பனிக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஐப்பசி மாதத்திலேயே பில்டர்களை மாற்றி, பாட்டரியையும் ஹீட்டர் பிளக்குகளையும் சோதித்துவிட வேண்டும். டாங்கை மாலையிலேயே நிரப்பி வைத்தால், இரவில் வெற்றிடத்தில் ஈரம் படிந்து நீர் சேருவது குறையும். பில்டரின் அடித்திருகை வாரம் ஒருமுறை திறந்து நீரை வடிக்கவும். வண்டியைத் திறந்த வெளியில் விடாது கொட்டகையிலோ, தார்ப்பாய் மூடியோ நிறுத்தவும்.

கூட்டுறவுச் சங்கம் முதலியவற்றின் பொது டிராக்டர் உள்ள ஊர்களில், கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைக்கச் செய்வது நன்று. கிளம்பிய நேரம், சுழற்சியின் வேகம், புகையின் நிறம் ஆகிய மூன்றையும் ஓட்டுபவர் அதில் தினமும் எழுதினால் போதும். மெக்கானிக் வந்ததும் அக்குறிப்பைக் காட்டினால், அவர் எதைக் கழற்ற வேண்டும் என்பதோடு எதைக் கழற்ற வேண்டாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.